நாலு மாடி ஏறி வரும் காயில்

ஞாயிற்றுக்கிழமை என்றால் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் சந்தைக்குப் போய் மீன் வாங்குவார்கள், சிலர் ஒன்றும் செய்யாமல் மல்லாந்து கிடப்பார்கள். பர்மாவில், யாங்கோன் நகரத்துப் பபேடான் பேட்டையில் நாலாம் மாடியில் குடியிருக்கும் தங்கவேலு காயில் கழுவுவார்.

காயில் என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் பதிலாக ஆவி இழுக்கிற வேப் என்றொரு கருவி இருக்கிறதல்லவா, அதன் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கும் சின்ன உலோகக் குழல். சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. உள்ளே ஒரு சல்லடைக் கம்பி, அதைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு. கருவிக்குள் ஊற்றுகிற வாசனைத் திரவத்துக்கு ஜூஸ் என்று பெயர். பஞ்சு ஜூஸைக் குடிக்கும், கம்பி அதைச் சுடும், ஆவி வரும். கொஞ்ச நாளில் ஜூஸில் இருக்கும் இனிப்பு கரிந்துபோய்க் கம்பியில் அடை தட்டிவிடும். அதற்கப்புறம் இழுத்தால் அடிப்பிடித்த பாயசத்தைக் குடித்தது போல இருக்கும். மற்றவர்கள் அதைக் குப்பையில் வீசிவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். தங்கவேலு வீச மாட்டார்.

முதலில் வெந்நீர். கொதிக்கிற நீர் கூடாது, விரல் பொறுக்கிற சூடு போதும். அதில் காயில்களைப் போட்டு வைத்தால் தண்ணீர் மெல்ல மெல்லத் தேயிலை நிறத்துக்கு வரும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி வெந்நீர். பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஒரு முழுக்கு. ஸ்பிரிட் வாடை போக நல்ல தண்ணீரில் அலசல். அப்புறம் ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்து ஊதி, உள்ளே தங்கிய நீரை வெளியேற்றி, பால்கனி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். சல்லடைக் கண்கள் தெரிய வேண்டும். தெரிந்தால் மூங்கில் தட்டில் துணி விரித்து, சிப்பாய்களை நிறுத்துவது போல நிறுத்திக் காய வைப்பார். ஈரத்தோடு மாட்டினால் சூடான தண்ணீர் தெறித்து நாக்கைப் பொசுக்கும். அந்த அனுபவமும் அவருக்கு உண்டு. காய்ந்த பிறகும் அவசரப்படக் கூடாது. பஞ்சில் சொட்டுச் சொட்டாக ஜூஸ் விட்டு, அது ஊறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் தங்கவேலுவை மிஞ்ச ஆள் கிடையாது.

இதைப் பார்த்துவிட்டு மனிதர் கஞ்சன் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. ரயில்வே சரக்கு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவர் ஊதித் தள்ளிய சுருட்டுகளை அடுக்கி வைத்தால் தண்டவாளத்துக்குக் கட்டை போட்டிருக்கலாம். மனைவி தைலம்மாள் கொரோனாவில் மூச்சுக்குத் திணறி இறந்த வருஷம்கூட அவர் சுருட்டை விடவில்லை. ஆக்ஸிஜன் குப்பிக்காக ஊரெல்லாம் அலைந்துவிட்டு வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டுதான் அழுதார்.

மகள் விஜயகுமாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவருஷம் மலேசியாவுக்கு, கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பும்போது, அவள் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“சுருட்ட விட்டுடுப்பா. விடலன்னா நான் போன் பண்ண மாட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ இருமுறதக் கேட்டுக்கிட்டு என்னால அங்க வேல செய்ய முடியாது.”

அவள் போய்ச் சேர்ந்ததும் முதலில் அனுப்பியது பணமில்லை, இந்தக் கருவிதான். இதுவும் நல்லதில்லை, ஆனால் சுருட்டைவிடத் தேவலை, மெதுவாக இதையும் விட்டுவிடலாம் என்றாள். ஜூஸ் யாங்கோனிலேயே தெருவுக்குத் தெரு கிடைத்தது. காயில்தான் தகராறு. இங்கே கிடைப்பது எல்லாம் போலி, மாட்டின அன்றைக்கே ஒழுகும். அதனால் மாதம் ஒரு பாக்கெட் காயில் கிள்ளானிலிருந்து ஆள் மூலமாக வந்துகொண்டிருந்தது.

அந்த ஆள்தான் பல்கீஸ். அடுத்த தெருவில் கணவர் கமாலோடு துணிக்கடை வைத்திருப்பவள். மலேசியாவிலிருந்து முக்காடும் பாத்திக் துணியும் கொண்டு வந்து விற்க மாதம் ஒரு தடவை விமானம் ஏறுவாள். அவளுடைய அக்கா வீடு கிள்ளானில் இருப்பதால், திரும்புமுன் விஜியைப் பார்த்துப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வருவாள். பருத்த உடம்பு, வலிக்கிற முட்டி, ஓயாத வாய். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் நாலு மாடி ஏறி வந்து, வாசலிலேயே நின்று மூச்சு வாங்குவாள்.

“என்னண்ணே, சொகமா இருக்கியளா? இந்தப் படியக் கட்டுனவன் மட்டும் என் கையில கெடச்சான்னா...” என்று ஆரம்பித்து உட்காருவாள்.

தங்கவேலு டீ போடுவார். பாக்கெட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அதை மறந்துவிடுவார். பிறகு பல்கீஸ் சொல்ல ஆரம்பிப்பாள். விஜி கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, ஆனால் நிறம் தெளிந்திருக்கிறது. முடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டாள், அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்றாள், அதனால் நீங்கள் கேட்காத மாதிரி இருங்கள். கூட வேலை செய்யும் பெண்ணோடு ஒரு சண்டை, இப்போது சமாதானம். அங்கே ஒரு சீனக் கிழவர் இவளைத் தவிர வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாராம். மஞ்சள் சட்டை ஒன்று வாங்கியிருக்கிறாள், அது அவளுக்கு நன்றாக இல்லை.

இதெல்லாம் போனில் வராத செய்திகள். போனில் விஜி “நல்லா இருக்கேம்பா” என்பாள். இவர் “நானும் நல்லா இருக்கேம்மா” என்பார். அதற்குள் மீ போய்விடும், அதாவது கரண்ட். அல்லது லைன் போய்விடும். வீடியோவில் முகம் பார்ப்பது அந்த லைனில் நடக்காது. நல்லா இருக்கிறேன் என்பது ஒரு செய்தியா? அதைச் சொல்ல மகள் எதற்கு, அஞ்சலட்டையே போதுமே. விஜி வந்துவிட்டுப் போகலாமே என்றால், அதற்கு வழியில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்த பிறகு, அவள் வயதில் இருப்பவர்கள் இந்த நாட்டுக்குள் வந்தால் மறுபடி வெளியே போக விடுவார்களா என்பது நிச்சயமில்லை. அதனால் “எப்பம்மா வர்ற?” என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டு அவளை ஏன் அழ வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்.

ஆக, அந்த மனிதர் மாதம் முழுவதும் எதிர்பார்த்தது காயிலை அல்ல. அதைக் கொண்டு வருகிற வாயை.

இப்போது அவர் செய்த முட்டாள்தனத்துக்கு வருவோம்.

ஒரு மாதம் பல்கீஸுக்கு விமான டிக்கெட் கிடைக்கவில்லை. இருந்த கடைசிக் காயில் கருகிக்கொண்டிருந்தது. பழைய நாலைந்தை அவர் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். குமாஸ்தா புத்தி, எதையும் உடனே எறியாது. கரண்ட் வந்த நேரத்தில் போனில் தேடிப் பார்த்தார். ஒரு தாய்லாந்துக்காரன் காயிலைக் கழுவுகிற விதத்தைப் பாஷையே புரியாவிட்டாலும் பளிச்சென்று காட்டினான். அப்படியே செய்தார். முதல் தடவை நாக்கைச் சுட்டுக்கொண்டார். இரண்டாம் தடவை வந்த ஆவி ஏறக்குறையப் புதுசின் ருசியோடு இருந்தது. தலைகால் புரியவில்லை அவருக்கு. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அந்த வாரம் விஜி அழைத்தாள்.

“இந்த மாசம் காயில் லேட்டாகும்பா. பல்கீஸ் அக்காவுக்கு டிக்கெட் கெடைக்கல.”

“அதனால என்னம்மா, நானே பழசக் கழுவிப் போட்டுட்டேன். புதுசு மாதிரி இழுக்குது.”

“கழுவுனியா? அதக் கழுவலாமா?”

அவர் சொன்னார். வெந்நீர், ஸ்பிரிட், ஊதுவது, ஒற்றைக் கண்ணால் பார்ப்பது எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். விஜி சிரித்தாள். அம்மா இறந்த பிறகு மகள் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் கேட்டதில்லை. சிரிப்பு அவருக்குத் தலைக்கேறிவிட்டது.

“இனிமே மாசாமாசம் அனுப்பணும்னு ஒண்ணும் இல்லம்மா. அந்த பல்கீசுக்கும் பாவம், முட்டிவலி. நாலு மாடி ஏற வெக்கிறது ஆனாதேயா இருக்கு.”

ஆனாதே. இந்தச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பர்மியச் சொல். அடுத்தவருக்குச் சிரமம் கொடுத்துவிடுவோமோ என்று மனம் கூசுவது. பசித்தாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்ல வைக்கும். மழையில் நனைந்துகொண்டே குடை வேண்டாம் என்று சொல்ல வைக்கும். நாலு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற தமிழர்களுக்கு வேறு எது ஒட்டியதோ இல்லையோ, இது நன்றாக ஒட்டிக்கொண்டது. ஏற்கனவே நம்மிடம் சங்கோசத்துக்குப் பஞ்சமில்லை. அதன்மேல் இதுவும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? வேண்டும் என்கிறவனும் வேண்டாம் என்பான், கொடுக்க நினைக்கிறவனும் சரி என்று கையை இழுத்துக்கொள்வான். இருவரும் தங்களை ரொம்ப நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போவார்கள்.

விஜியும் அந்த ஊர்ப் பிள்ளைதானே.

“நானும் அதத்தாம்பா நெனச்சேன். அவங்களுக்கும் கடை, பிள்ளைங்கன்னு ஆயிரம் வேல. சொல்லிடுறேன்” என்றாள்.

அடுத்த மாதம் பல்கீஸ் மலேசியாவுக்குப் போய்த் திரும்பியதை தங்கவேலு பால்கனியிலிருந்து பார்த்தார். தெருமுனையில் டாக்ஸியிலிருந்து மூட்டைகளை இறக்கி, டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் வருவாள் என்று பால் வாங்கி வைத்தார். வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்படிக்குப் போய் நின்றார். சத்தம் மூன்றாம் மாடியோடு நின்றுவிடும். பால் திரிந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வர வேண்டிய காரணத்தை அவரே கழுவி விட்டிருந்தார்.

மனைவி போனபோது அவருக்குத் துக்கம் தெரிந்தது. மகள் போனபோது கவலை தெரிந்தது. தனிமை என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்தது இப்போதுதான். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் திரிந்த பாலை வாளியில் கொட்டிவிட்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு, யாராவது வந்து படியைக் கட்டினவனைத் திட்டினால் தேவலை என்று ஏங்கினார்.

சரி, கழுவுவதை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார். காயில்கள் எல்லாம் கருகட்டும், இல்லை என்று உண்மையாகவே சொல்லலாம். இரண்டு வாரம் அப்படியே விட்டார். அடிப்பிடித்த பாயசத்தையே இழுத்து இழுத்துத் தொண்டை கமறியது. கீழே பெட்டிக்கடையில் சுருட்டுக் கட்டு கண்ணில் பட்டபோது கை தானாக நீண்டது. மகள் முகம் ஞாபகம் வந்து, பாக்கு வாங்குவது போலப் பாவனை செய்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வந்தது. தெரு முழுக்கப் பிள்ளைகள் “மீ லாப்பி” என்று கத்தின. தங்கவேலு கெட்டிலில் தண்ணீர் வைத்தார். கை சும்மா இருந்தால்தானே? கழுவினார். நன்றாகவே கழுவினார். தட்டு நிறையப் பளபளவென்று நின்றன.

ஆனாலும் ஒரு முயற்சி செய்யாமல் இல்லை. ஒருநாள் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பல்கீஸின் கடைக்கே போனார். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் கடையில் தலைகள்தான் தெரிந்தன. கல்லாவில் கமால் கணக்கியந்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பல்கீஸ் இரண்டு பர்மியப் பெண்களுக்கு ஒரே நேரத்தில் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே. என்ன வேணும்?”

“ஒரு கைலி பாக்கலாம்னு வந்தேன்.” வீட்டில் பிரிக்காத கைலிகள் இருந்தன.

அவள் ஒன்றை எடுத்துப் போட்டாள். “காயிலு எல்லாம் இருக்காண்ணே?”

இதுதான் சமயம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கவேலுவின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

“இருக்கு, இருக்கு. நெறய இருக்கு.”

“விஜிப் புள்ள சொல்லிச்சு, நீங்களே கழுவிக்கிறியளாமே. கெட்டிக்காரருதான்.”

“அவ எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா” என்றாள் பல்கீஸ். அதற்குள் ஒரு பெண் வேறு நிறம் கேட்டாள். பல்கீஸ் திரும்பிக்கொண்டாள்.

நல்லா இருக்கா. கமாலிடம் காசைக் கொடுத்துவிட்டு, வேண்டாத கைலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தங்கவேலு அந்த இரண்டு வார்த்தையோடு நாலு மாடி ஏறினார். செய்தி என்பது நின்றுகொண்டே வாங்குகிற சரக்கு இல்லை என்று அப்போது அவருக்கு விளங்கியது. உட்கார வேண்டும், டீ ஆற வேண்டும், சண்டையும் சட்டையும் எல்லாம் கலந்து வர வேண்டும். மகளின் முடி இப்போது தோளைத் தாண்டி வளர்ந்திருக்குமா என்றுகூட அவருக்குத் தெரியாது.

அந்த வாரம் விஜி அழைத்தபோது அவர் பொய் சொல்லத் துணிந்தார். வீடியோ வேண்டாம், லைன் சரியில்லை என்றார். உண்மையில் லைன் அன்றைக்கு அதிசயமாக, வீடியோவே தாங்குகிற அளவுக்கு அமோகமாக இருந்தது. மேசையில் மூங்கில் தட்டு நிறையக் காயில்கள் காய்ந்துகொண்டிருந்தன.

“விஜி, காயில் எல்லாம் தீந்துபோச்சும்மா.”

“எல்லாமா? கழுவுறியே?”

“கழுவிக் கழுவிப் பஞ்சு செத்துப்போச்சு. ஒண்ணும் பாக்கி இல்ல.”

“ஐயோ, முன்னாடியே சொல்றதுக்கு என்னப்பா? சரி, உடனே ஏற்பாடு பண்றேன். நீ மறுபடி சுருட்டு எதையும் தொட்டுடாத.”

போனை வைத்தபிறகு தங்கவேலு வெகுநேரம் புன்னகைத்துக்கொண்டே இருந்தார். பொய் சொன்னதற்காக வெட்கப்பட வேண்டிய மனிதர், பெண் பார்க்க ஆள் வருகிற வீட்டுக்காரர் போல வேலையை ஆரம்பித்தார். ஒட்டடை அடித்தார். பல்கீஸ் உட்காரும் நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அட்டை வைத்துச் சரி செய்தார். அவளுக்குப் பிடித்த உப்பு பிஸ்கட் வாங்கினார். படியில் மூன்றாம் மாடித் திருப்பத்தில் எரியாமல் கிடந்த பல்பைக்கூட யாரிடமும் கேட்காமல் மாற்றினார். கழுவின காயில்களை மட்டும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

அவள் வருவதாகக் கணக்குப் போட்டிருந்த வாரத்தில், ஒரு முன்மதியம் கீழேயிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தங்கவேலு பால்கனிக்கு ஓடினார். பல்கீஸ் இல்லை. மஞ்சள் தொப்பி போட்ட டெலிவரிக்காரன், கையில் ஒரு அட்டைப்பெட்டி.

“ஊ தங்கவேலு? மலேசியா கார்கோ” என்று, ஐயா போடுகிற இடத்தில் ஊ போட்டு, பர்மிய மொழியில் கத்தினான். “கயித்த விடுங்க.”

யாங்கோனில் மாடிவீடுகளில் யாரும் பேப்பருக்கும் ரொட்டிக்கும் படியிறங்க மாட்டார்கள். பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், முனையில் கொக்கி இருக்கும். கீழே மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். எவ்வளவு சௌகரியம் பாருங்கள். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதே இல்லை.

“மேல வாங்க தம்பி, டீ குடிச்சிட்டுப் போகலாம்” என்றார் தங்கவேலு.

“வேணாம் மாமா, ஆனாதே” என்றான் அவன். பெட்டியைக் கொக்கியில் மாட்டினான், பைக்கை உதைத்தான், போய்விட்டான்.

தங்கவேலு இழுத்தார். முதல் மாடி, இரண்டாம் மாடி என்று பெட்டி சுவரில் இடித்து இடித்து ஏறி வந்தது. உள்ளே காயில் பாக்கெட்டுகள், அடுக்கடுக்காக, செங்கல் அடுக்கினது போல. போனில் விஜியின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது.

“அப்பா, பெட்டி வந்துச்சா? மொத்தமா வாங்கிட்டேன். மூணு வருஷத்துக்குத் தாராளமா வரும். இனிமே நீ கழுவிக் கஷ்டப்படவும் வேணாம், பல்கீஸ் அக்காவ ஏற வெக்கவும் வேணாம். யாருக்கும் தொந்தரவு இல்ல. சரியா? சந்தோஷமா?”

அந்தக் குரலில் எத்தனை திருப்தி. அப்பாவுக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி. அதை அவர் மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டார். மூன்று வருஷம். மூன்று வருஷத்துக்கு இந்தப் படியில் எவரும் ஏறி வர வேண்டிய அவசியம் இல்லை என்று மகள் அன்போடு ஏற்பாடு செய்துவிட்டாள். அவள்மேல் கோபம் வரவில்லை. இவர் சொல்லிக்கொடுத்ததைத்தானே அவள் செய்தாள்.

பதில் சொல்ல போனை வாயருகே கொண்டுபோனார். “வந்துச்சும்மா, ரொம்ப சந்தோஷம்” என்று வாய் வழக்கம்போலத் தயாராக இருந்தது. அவர் போனைக் கீழே வைத்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

கடையில் அன்றைக்குக் கூட்டமில்லை. பல்கீஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள், கமால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தங்கவேலு பெட்டியைத் துணி மேசைமேல், மடித்த துணிகளின் மேலேயே இறக்கினார்.

“இது என்னண்ணே?”

“காயில். விஜி மொத்தமா அனுப்பிட்டா. இது இங்கயே இருக்கட்டும்.”

“ஏன், வீட்ல எடமில்லயா?”

“எடம் நெறயக் கெடக்கு. ஆள்தான் இல்ல.”

பல்கீஸ் மடிப்பதை நிறுத்தினாள். தங்கவேலுவுக்கு மூச்சு வாங்கியது, இறங்கி வந்ததற்கு இவ்வளவு வாங்கக் கூடாது.

“மாசம் ஒரு பாக்கெட்டு நீ மேல கொண்டாந்து குடுக்கணும். கிள்ளானுக்குப் போய்ட்டு வந்ததும் குடுக்கணும். அவளப் பாத்துட்டு வந்து குடுக்கணும்.”

“ஒங்க வீட்டுப் பெட்டிய எங்கிட்டக் குடுத்துட்டு, அத நான் ஒங்ககிட்டயே சொமந்துட்டு வரணுமா?”

“ஆமா.”

“எனக்கு முட்டிவலிண்ணே.”

“தெரியும். ஆனாதேயாத்தான் இருக்கு. இருந்தாலும் வா.”

அறுபத்துச் சொச்ச வருஷத்தில் அந்த மனிதர் ஆனாதேக்குப் பிறகு ‘இருந்தாலும்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபின் கண்ணை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பெட்டியின் ஒட்டுத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கமால் பேப்பரைத் தாழ்த்தி மனைவியைப் பார்த்தார்.

“நான் என்னமோ, நான் வர்றது ஒங்களுக்குப் பிடிக்கலன்னுல்ல நெனச்சேன்” என்றாள் பல்கீஸ். அவள் குரல் இறங்கியிருந்தது. “தனியா இருக்குற மனுசன். பொம்பள ஒருத்தி மாசாமாசம் ஏறி வந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக, அதான் நாசூக்காச் சொல்லி அனுப்பிட்டாருன்னு நெனச்சேன். நீங்க கடைக்கு வந்தப்பக்கூட அதுக்குத்தான் நான் வாயக் குடுக்கல.”

“பேசட்டும்” என்றார் தங்கவேலு.

“பேசட்டும்கிறேன் நானும்” என்றார் கமால், பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டே.

பல்கீஸ் கத்தரிக்கோலை எடுத்து ஒட்டுத்தாளை வெட்டினாள். ஒரு பாக்கெட்டை உருவி எடுத்துக்கொண்டு, பெட்டியை மேசைக்கடியில் காலால் தள்ளினாள்.

“இப்ப வீட்ல கையிருப்பு எத்தன இருக்கு? எப்பக் கொண்டாரணும்?”

அரிசி டப்பாவுக்குப் பின்னால் தட்டு நிறைய, பளபளவென்று, கழுவிக் காய்ந்தவை நின்றுகொண்டிருந்தன. தங்கவேலு அவளை நேராகப் பார்த்தார்.

“ஒண்ணுகூட இல்ல. இன்னிக்கே வேணும்.”

பல்கீஸ் அவரையும் மேசைக்கடியில் இருந்த பெட்டியையும் பார்த்தாள். சிரிக்கவில்லை. பாக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்து, செருப்பைத் தேடினாள்.

“இன்னிக்கு ஒக்காந்தா நேரமாகும்ணே. மூணு மாசச் சேதி கெடக்கு. அந்தச் சீனக் கெழவரு போன மாசம் மௌத்தாயிட்டாரு, விஜி ரெண்டு நாளு சோறு திங்காம...”

“இங்க சொல்லாத” என்றார் தங்கவேலு. “மேல வந்து சொல்லு.”

அவர் முன்னால் நடந்தார், தண்ணீர் கொதிக்க வைக்க நேரம் வேண்டுமே. பின்னால் பல்கீஸ் படியைக் கட்டினவனை இப்போதே திட்ட ஆரம்பித்திருந்தாள்.